பதினொரு அறை, ஏழு கையெழுத்து: நாகப்பட்டினத்தில் ஒரு வீடு விலைபோன கதை

விளம்பரம் நான்கே வரி. "நாகப்பட்டினத்தில் விசாலமான குடும்ப வீடு விற்பனைக்கு. 5,400 சதுர அடி மனை, இரண்டு கட்டு, 11 அறைகள், பர்மா தேக்குத் தூண்கள், நல்ல தண்ணீர்க் கிணறு. கடற்கரைக்கு நடந்து போகலாம். வில்லங்கம் இல்லை."

இது முதலில் வெளிவந்தது 2022 தை மாதம். கிரயப் பத்திரம் பதிவானது 2025 தையில். இடையில் போன மூன்று வருடமும் இந்த நான்கு வரியில் எது மெய், எது பாதி மெய் என்று பிரித்தெடுப்பதற்கே சரியாக இருந்தது. கடைசி இரண்டு சொல்தான் எல்லாரையும் அதிகம் அலைக்கழித்தது.

நான் கட்டடப் பொறியாளர். வங்கிகளுக்கும் தனியாருக்கும் சொத்து மதிப்பீடு செய்து கொடுப்பவன். இந்த வீட்டுக்குள் நான் கால் வைத்தது மூன்றாவது வருடத்தில். அதற்கு முந்தியவற்றைக் குடும்பத்தார் சொல்லியும், அவர்களுடைய வழக்கறிஞரிடம் இருந்த கோப்பைப் பார்த்தும் தெரிந்துகொண்டேன். ஆளும் தெருவும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விலையைச் சொல்ல வேண்டாம் என்று இரு தரப்பும் கேட்டுக்கொண்டார்கள். அரைக் கோடிக்கு மேல் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

வீடு

நாகப்பட்டினத்தில் இவ்வளவு பெரிய வீடுகள் ஏன் இருக்கின்றன, ஏன் காலியாகக் கிடக்கின்றன என்ற இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான்: துறைமுகமும் ரயிலும். தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை இந்த ஊரில் இருந்தது. 1920-களின் இறுதியில் அது பொன்மலைக்குப் போனது. அதோடு ஊரைவிட்டுப் போன ஒருவரிடமிருந்துதான் 1936-இல் இந்த வீட்டைத் தாத்தா வாங்கினார் என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். தாத்தாவுக்குப் பினாங்கில் வியாபாரம். சென்னையில் புறப்பட்டு நாகை வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் போகும் 'ரஜூலா' கப்பல் 1973 வரை ஓடியது. அதன் பிறகு 'சிதம்பரம்'. 1985-இல் 'சிதம்பரம்' தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தே முடிந்துபோனது. கப்பல் நின்ற பிறகு பிள்ளைகள் திருச்சி, சென்னை, கோயம்புத்தூர் என்று ரயிலேறினார்கள். வீட்டை யாரும் பெயர்த்தெடுத்துக்கொண்டு போக முடியாது அல்லவா.

விற்கிற யோசனை வந்தது 2021 ஐப்பசி மழையில். இளைய மருமகள் மட்டும் அந்த வீட்டில் தனியாக இருந்தார். வயது 74. இரண்டாம் கட்டுக் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டார் சத்தம் கேட்டு வருவதற்குள் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. வீடு விசாலமாக இருந்தால் கூப்பிட்ட குரல் தெருவுக்கு எட்டாது.

நான் பார்த்தபோது வீடு இப்படி இருந்தது. தெருவை விட மூன்றடி உயரத்தில் திண்ணை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது தண்ணீர் மூன்றாவது படியில் நின்றுவிட்டதாம். திண்ணைக்குப் பின் ரேழி, முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், கூடம். அதற்குப் பின் இரண்டாம் கட்டு. அதில் அடுப்படி, சாமான் அறை, பத்தாயம் இருந்த அறை. கடைசியாகக் கொல்லை, கிணறு, பின்சந்து. அறைகளை எண்ணினால் 11 வரத்தான் செய்தது. ஆனால் நான்கு அறைக்கு ஜன்னலே கிடையாது. ஒன்று மாட்டுக்கொட்டிலாக இருந்து சுவர் எழுப்பியது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்க வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். "முன்கட்டு தொண்ணூறு வருஷம் பழசு, இடிச்சுடணும். பின்னாடி இருக்கிற கான்கிரீட் பகுதியை வச்சுக்கலாம்" என்பார்கள். உண்மை நேர் எதிர். முன்கட்டு சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரம், அதன் மேல் கட்டைகள், அதன் மேல் குத்துக்கல்லாக அடுக்கிய மெல்லிய செங்கல், சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து நாள்கணக்கில் தட்டிய தளம், மேலே தட்டோடு. உத்திரத்தின் நுனிகள் சுவருக்குள் போகும் இடத்தில்தான் உளுத்துப்போகும். சுத்தியலால் தட்டி, கம்பியால் குத்திப் பார்த்தேன். 22 நுனியில் இரண்டுதான் மெத்தென்று போனது. மற்றவை இன்னும் ஒரு தலைமுறைக்குத் தாங்கும்.

பின்கட்டில் 1987-இல் போட்ட குளியலறைக் கான்கிரீட் தளம் வேறு கதை. கொல்லைக் கிணற்றுத் தண்ணீரிலேயே கலவை போட்டிருப்பார்கள், மணல் எங்கே அள்ளியதோ தெரியாது. கடலோரக் காற்றில் உப்பு. கலவையிலும் உப்பு இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதும், ஊதினால் கான்கிரீட் பொரிந்து உதிரும். அண்ணாந்து பார்த்தால் கம்பி தெரிந்தது. வீட்டிலேயே வயதில் சின்னது அது. முதலில் இடிக்க வேண்டியதும் அதுதான்.

சுவர்களில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருந்தது. அதற்கும் காரணம் வயது இல்லை. 1996-இல் ஒரு மேஸ்திரி சொல்லைக் கேட்டுப் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டுச் சிமென்டு பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்டு அதை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் மேலே ஏறி, காய்கிற இடத்தில் உப்பைத் தள்ளும். மருந்து எளியது: நாலைந்தடி உயரத்துக்குச் சிமென்டை எடுத்துவிட்டு, ஒரு கோடை காயவிட்டு, மறுபடி சுண்ணாம்பு பூச வேண்டும். இதற்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

2018 நவம்பரில் கஜா புயல் பின்கட்டு நாட்டு ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. அதன் மேல் தகரம் போட்டிருந்தார்கள். மழை பெய்தால் அந்தப் பக்கம் பேச முடியாது.

வில்லங்கம் இல்லை என்றால் என்ன

குடும்பத்தாரை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை 1975-லிருந்து இணையத்திலேயே எடுத்தார்கள், அதில் ஒரு பதிவும் இல்லை, அதனால் அப்படி எழுதினார்கள். ஒன்றும் இல்லாததற்குக் காரணம், 1936-க்குப் பிறகு இந்த வீட்டுக்காக யாரும் சார்பதிவாளர் அலுவலகப் படி ஏறவே இல்லை என்பதுதான். வெற்றுச் சான்றைக் கண்டு வாங்குகிறவர் மகிழ்வார். எனக்கென்னவோ இத்தனை பழைய வீட்டுக்கு அப்படி ஒரு சான்று வந்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

ஊர்க் கணக்கில் இந்த வீடு இரண்டு பங்கு. மூத்த மகனுக்கு முன்கட்டு, இளைய மகனுக்குப் பின்கட்டும் கிணறும். 1974-இல் இரண்டு அண்ணன் தம்பியும் நான்கு பெரியவர்களை வைத்து, யாருக்கு எந்தப் பங்கு என்று ஒரு கூர்ச்சீட்டு எழுதிக்கொண்டார்கள். முத்திரைத்தாளும் இல்லை, பதிவும் இல்லை. அதை வைத்து நகராட்சியில் இரண்டு வரி எண், மின்வாரியத்தில் இரண்டு இணைப்பு. ஐம்பது வருடம் எல்லாரும் அதையே உரிமை என்று நம்பினார்கள். வீட்டு வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும், தங்கள் வீடு என்று வரும்போது மட்டும் மறந்துபோகும்.

கூர்ச்சீட்டில் ஒரு பெயர் இல்லை: தாத்தாவின் மகள், திருத்துறைப்பூண்டியில் வாழ்க்கைப்பட்டவர், இப்போது வயது 86.

2022-இலும் 2023-இலும் இந்தக் குடும்பத்தில் நடந்த சண்டை முழுக்க இரண்டு தேதியைச் சுற்றியது. 1989 மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமான பெண்ணுக்குத் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டப்படி பூர்வீகச் சொத்தில் பங்கு இல்லை என்றார் ஒரு பேரன். 2005 செப்டம்பர் 9 மத்தியத் திருத்தத்தோடு அது மாறிவிட்டது, 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது என்றாள் கோயம்புத்தூர்ப் பேத்தி. கைப்பேசிக் குழுவில் தீர்ப்பின் படங்கள் பறந்தன. இரண்டு பேரும் சொன்ன சட்டம் சரி. ஆனால் இந்த வீட்டுக்கு இரண்டுமே பொருந்தாது.

வழக்கறிஞர் அம்மா ஒருவர் கோப்பைப் பார்த்த அரைமணி நேரத்தில் அதைச் சொன்னார். இது தாத்தா தன் காசில் வாங்கியது. அவர் 1968-இல் உயில் எழுதாமல் இறந்தார். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, ஒரு ஆணின் தனிச் சொத்து மனைவிக்கும் மகன்களுக்கும் மகளுக்கும் சமமாகப் போகும். கல்யாணமானவளா இல்லையா என்ற கேள்வியே அங்கே கிடையாது. ஆக 1968-இல் நான்கு பேர், ஆளுக்குக் கால் பங்கு. 1981-இல் பாட்டி போனதும் அவருடைய கால் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக இறங்கியது. கூட்டிப் பார்த்தால் மூத்தவருக்கு மூன்றில் ஒன்று, இளையவருக்கு மூன்றில் ஒன்று, மகளுக்கு மூன்றில் ஒன்று.

மூத்தவர் 1999-இல் இறந்தார். அவர் மனைவி அதற்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகள் மூவர், ஆளுக்கு ஒன்பதில் ஒன்று. இளையவர் 2015-இல் இறந்தார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும், ஆளுக்கு ஒன்பதில் ஒன்று. கையெழுத்துப் போட வேண்டியவர்கள் ஏழு பேர். அதில் ஆறு பேர் ஒன்பதில் ஒன்றுக்காரர்கள். விளம்பரம் கொடுக்கும்போது யாரும் ஒரு வார்த்தை கேட்காத அத்தைதான் இருப்பதிலேயே பெரிய பங்குதாரர்.

பெண்ணுக்கு வீட்டில் பங்கு இல்லை என்ற எண்ணம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. அதே சட்டத்தில் 23-ஆம் பிரிவு ஒன்று 2005 வரை இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை பெண் வாரிசு பாகம் பிரிக்கச் சொல்லிக் கேட்க முடியாது என்றது அது. கேட்க முடியாது என்பது நாளாவட்டத்தில் கிடையாது என்று ஆகிவிட்டது.

முதலில் குடும்பம் யோசித்தது, அத்தைக்கு ஒரு பட்டுப்புடவையும் கொஞ்சம் ரொக்கமும் கொடுத்து, பங்கை விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரம் வாங்கிவிடலாம் என்றுதான். இதை நான் குறை சொல்லவில்லை, பத்து வீட்டில் எட்டு வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. வழக்கறிஞர் ஒத்துக்கொள்ளவில்லை. பங்கு எவ்வளவு என்று மறைத்து வாங்கிய விடுதலை பிற்பாடு அத்தையின் பிள்ளைகள் கையில் வழக்காகும், அந்தப் பத்திரத்தை நம்பி வாங்கியவர் உங்களைத்தான் கழுத்தைப் பிடிப்பார் என்றார். சென்னையில் இருக்கும் மூத்த பேரன் பழம், வெற்றிலை பாக்கோடு திருத்துறைப்பூண்டிக்குப் போனார்.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"அத்தை, வீட்டை விக்கிறதுக்கு உங்க கையெழுத்து வேணும்."

"எழுபத்தி நாலுல வேணாமா இருந்துச்சே?"

"அப்ப தெரியல அத்தை. உங்களுக்கு மூணுல ஒரு பங்கு வருதாம்."

அவர் அதை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு உள்ளே பார்த்து, "இவனுக்குக் காப்பி குடுத்தீங்களா?" என்றார். விற்பனைக்குச் சம்மதம், பங்கை விட்டுக்கொடுக்கச் சம்மதமில்லை என்று மறுநாள் மகன் மூலம் சொல்லியனுப்பினார்.

மற்ற காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1936 மூலப் பத்திரத்தின் அசல் இல்லை; 1977 நவம்பர் புயலில் ஓடு பறந்து, பெட்டியோடு நனைந்து கூழாகிவிட்டது. அப்போது நடைமுறையில் இருந்த தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ-இன்படி முன் பத்திரத்தின் அசல் இல்லாமல் பதிவு செய்ய மாட்டார்கள் (அந்த விதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ரத்து செய்தது, இவர்களுக்கு அது மூன்று மாதம் தாமதம்). எனவே காவல் நிலையப் புகார், பத்திரிகை அறிவிப்பு, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று, சார்பதிவகத்திலிருந்து சான்றிட்ட நகல். ஐந்து இறப்புச் சான்றுகளில் 1968-ஐச் சேர்ந்தது பதிவே ஆகாதது. ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் ஆணை வேண்டும். பினாங்கில் இருக்கும் பேத்தி அனுப்பிய பொது அதிகாரப் பத்திரத்தில் வாடகை வாங்கவும் பராமரிக்கவும்தான் அதிகாரம் இருந்தது, விற்க இல்லை. அதை மறுபடி எழுதி, மலேசியாவிலுள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரை பெற்று முடிப்பதற்குள் நான்கு மாதம் போய்விட்டது.

அளவுதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. 1936 பத்திரத்தில் 37½ குழி. காவிரிக் கடைமடைக் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி. பெருக்கினால் சரியாக 5,400. ஆனால் நகர நில அளவைப் பதிவேட்டில் 478 சதுர மீட்டர், அதாவது சுமார் 5,145 சதுர அடி. மிச்சம் 255 சதுர அடி எங்கே? பின்சந்துப் பக்கம் நாடாவைப் போட்டதும் தெரிந்தது. அண்டை வீட்டுக் கழிவறையும் அதன் சுவரும் எப்போதோ உள்ளே வந்து உட்கார்ந்திருந்தன. நில அளவை நடந்தபோது யாரும் ஆட்சேபிக்கவில்லை. அதற்காக இப்போது வழக்கு என்று போனால் வீடு இன்னும் பத்து வருடம் நிற்கும். விற்பனை 5,145-க்குத்தான் என்று எல்லாரும் விழுங்கிக்கொண்டார்கள்.

வந்தவர்கள், போனவர்கள்

மூன்று வருடத்தில் முப்பது பேராவது வந்து பார்த்திருப்பார்கள். பாதிப் பேர் கூடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனவர்கள். ஒருவர் தூண்கள் மட்டும் வேண்டும் என்றார். எட்டுத் தேக்குத் தூணுக்கும் வாசற்கதவுக்கும் விலை சொன்னார், வீட்டை அது இல்லாமல் என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை. மனைப்பிரிவு போடுகிறவர் ஒருவர் வந்தார். முகப்பு 30 அடி, நீளம் 180 அடி. நடுவே பாதை விட்டால் மனை மிஞ்சாது என்று அவரே அளந்து பார்த்துவிட்டுப் போனார்.

பெரிய நம்பிக்கை கொடுத்தவர் விடுதி கட்ட வந்தவர். தெற்கே வேளாங்கண்ணி, வடக்கே நாகூர். திருவிழாவின்போது இரண்டு ஊரிலும் அறை கிடைக்காது, நாகையில்தான் தங்குவார்கள் என்பது அவர் கணக்கு. 2023 அக்டோபர் 14-இல் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். தரகர் அன்றைக்கே விலையை ஏற்றச் சொன்னார். சில நாளில் கப்பல் நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. தரகரின் விலையும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது. கப்பல் காசில் வாங்கிய வீட்டைக் கப்பலைக் காட்டியே விற்கப் பார்த்தார் மனிதர்.

விடுதிக்காரரைத் திருப்பி அனுப்பியது கடலோரத்தில் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி. வீடு உயர் அலைக் கோட்டிலிருந்து சுமார் 420 மீட்டர். மண்டலத்தின் 500 மீட்டர் எல்லைக்குள் வந்துவிடுகிறது. நகராட்சிக்குள் ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த பகுதி என்பதால் இரண்டாம் வகை. அங்கே அனுமதியோடு இருந்த பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கலாம், மறுபடி கட்டவும் செய்யலாம். பயன்பாட்டை மாற்றக் கூடாது. குடியிருக்கிற வீடு குடியிருக்கிற வீடாகவே இருக்க வேண்டும். "கடற்கரைக்கு நடந்து போகலாம்" என்று விளம்பரத்தில் ஆசை காட்டிய அதே தூரம்தான் விடுதிக்காரரை விரட்டியது.

இந்த மண்டலத்துக்கான முதல் அறிவிக்கை வந்தது 1991 பிப்ரவரியில். அதற்கு முன்பே கட்டடம் இருந்தது என்று காட்ட என்ன இருக்கிறது என்று வழக்கறிஞர் கேட்டபோது, கட்டுக்கட்டாக இரண்டு வரி எண்களின் பழைய ரசீதுகளையும் இளைய மருமகள் பழைய பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துக் கொடுத்தார். உரிமைக்குச் செல்லாத ரசீது, வயதுக்குச் செல்லுபடியானது.

வங்கிக் கடனில் வாங்க வந்த ஆசிரியத் தம்பதியருக்கு என்னைப் போன்ற ஒரு மதிப்பீட்டாளர்தான் கேடாக வந்தார். வழக்கமான முறையில் கட்டடத்துக்கு ஓர் ஆயுள் வைத்து, ஆண்டுக்கு இவ்வளவு என்று தேய்மானம் கழித்து, கடைசியில் பத்து விழுக்காடு எஞ்சிய மதிப்பு போடுவோம். 1936-க்கு முந்திய கட்டடத்துக்கு அந்தப் பத்து விழுக்காடுதான் கிடைக்கும், உள்ளே தேக்கு இருந்தாலும் தென்னை இருந்தாலும். மனைக்கு மட்டும் கடன் வந்தது. பழுது பார்க்கப் பணம் இல்லை. அவர்கள் மனமில்லாமல் விலகினார்கள். நானும் இப்படி நூறு அறிக்கை எழுதியவன்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

யாரிடம் சொல்லவில்லை

2024 மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அக்கரைப்பேட்டையில் ஒரு ஐஸ் பிளான்ட் தளத்தைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே அண்ணன் தம்பி மூவர், சேர்ந்து இரண்டு விசைப்படகு வைத்திருப்பவர்கள், பேச்சுவாக்கில் வீடு தேடுவதாகச் சொன்னார்கள். சுனாமிக்குப் பிறகு கொடுத்த குடியிருப்பில் இருக்கிறார்கள். 300 சதுர அடிச் சொச்சத்தில் கட்டிய வீடு, மேலேயும் பக்கத்திலும் இழுத்துக் கட்டிச் சமாளிக்கிறார்கள். தாயாரும் மூன்று குடும்பமும் சேர்த்துப் பதினான்கு உருப்படி. பிரிந்து போக விருப்பமில்லை. எங்கே பார்த்தாலும் இரண்டு படுக்கையறை வீடுதான் விற்பனைக்கு வருகிறது என்றார் மூத்தவர்.

பதினான்கு பேருக்கு வீடு கிடைக்கவில்லை. மூன்று கிலோமீட்டர் தள்ளிப் பதினொரு அறையில் ஒரே ஒரு மூதாட்டி. மூன்று வருடமாகத் தரகர் இவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அந்தத் தெருவுக்கு அவங்க சரிப்பட மாட்டாங்க சார், வீட்டுக்காரங்களும் ஒத்துக்க மாட்டாங்க" என்றார். வீட்டுக்காரர்களைக் கேட்டாரா என்றால், இல்லை. கேட்காமலே தெரியுமாம். இதை எழுதாமல் விட்டால் இந்த ஆய்வு பொய்யாகிவிடும். கடலோர ஊர்களில் பெரிய வீடுகள் விலைபோகாமல் நிற்பதற்கு உப்பையும் ஓட்டையும் காரணம் சொல்கிறோம். யாரிடம் விலை சொல்லப்படுகிறது, யாரிடம் சொல்லப்படுவதில்லை என்பது எந்த மதிப்பீட்டு அறிக்கையிலும் வராத காரணம்.

குடும்பத்தில் ஒரு வாரம் முணுமுணுப்பு இருந்தது. தெருப் பெரியவர் ஒருவர் திண்ணையில் வந்து உட்கார்ந்து வலை நாற்றத்தைப் பற்றிப் பேசினார். கோயம்புத்தூர்ப் பேத்தி, "நாம யாரும் அங்க இருக்கப் போறதில்ல, நமக்கென்ன?" என்று கேட்டாள். அது சரியான பதிலா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான், காரியத்துக்கு உதவியது.

முடிவு செய்தவர் இளைய மருமகள். மூன்று சகோதரர்களின் தாயார் இரண்டு மருமகள்களோடு வீடு பார்க்க வந்தார். தூணைப் பார்க்கவில்லை. நேரே இரண்டாம் கட்டுக்குப் போய், அடுப்படிக்கு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தார். பிறகு கிணற்றில் ஒரு வாளி இறைக்கச் சொல்லி, கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தார். "மூணு வருஷத்துல அடுப்படி எங்கன்னு கேட்ட முதல் ஆள் அவங்கதான்" என்றார் வீட்டுக்கார அம்மா என்னிடம்.

காசு

மனைக்குச் சந்தை விலை, அதற்கு மேல் கட்டடத்துக்கென்று அதில் பத்தில் ஒரு பங்கு. மூன்று வருடத்தில் கட்டடத்துக்கு ஒரு ரூபாயாவது போட்டவர்கள் இவர்கள்தான். நான் கொடுத்த அறிக்கையில் இரண்டு உத்திர நுனி, இடிக்க வேண்டிய குளியலறை, கொத்த வேண்டிய சிமென்டுப் பூச்சு எல்லாம் செலவோடு இருந்தது. அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள். படகில் பலகை மாற்றுகிறவர்களுக்கு உத்திர நுனி மாற்றுவது பயமாக இல்லை.

வாங்குகிறவருக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2023 வரை 4-ஆக இருந்தது. அதைக் குறைத்தபோதே அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை 2017-க்கு முந்திய நிலைக்கு ஏற்றிவிட்டார்கள். முழுத் தொகையும் வங்கி வழியாகத்தான் என்று முதலிலேயே பேசிக்கொண்டார்கள். ஏழு பேர், அதில் ஒருவர் வெளிநாடு. பாதி ரொக்கம் என்று போனால் யார் பங்கில் எவ்வளவு என்று சண்டை வராமல் இருக்காது.

விற்றவர்கள் தடுமாறியது மூலதன ஆதாய வரியில். மொத்த விலை 50 லட்சத்தை எட்டினால் வாங்குகிறவர் ஒரு விழுக்காட்டை வரியாகப் பிடிக்க வேண்டும். ஏழாகப் பிரித்தால் ஆளுக்கு அவ்வளவு வராதே என்று ஒரு பேரன் கேட்டார். 2024 அக்டோபர் முதல் எல்லா விற்பனையாளருக்கும் சேர்த்த தொகையைத்தான் பார்ப்பார்கள். பினாங்குப் பேத்தி வெளிநாட்டில் இருப்பவர் என்பதால் அவர் பங்குக்கு ஒரு விழுக்காடு போதாது, நீண்டகால ஆதாயத்துக்குரிய வீதத்திலேயே பிடிக்க வேண்டும், அதற்கு வாங்குகிறவர்கள் வரி பிடிப்பவர்களுக்கான டான் எண்ணைத் தனியாக எடுக்க வேண்டியிருந்தது. மீன்பிடி வலையைத் தவிர வேறு வலை அறியாதவர்களை இதற்காகத் தணிக்கையாளரிடம் மூன்று முறை அலையவிட்டோம்.

2024 ஜூலை 23-க்குப் பிறகு வீதம் பணவீக்கக் கழிவு இல்லாமல் 12.5 விழுக்காடு. அதற்கு முன்பே சொத்து வைத்திருந்த, உள்நாட்டில் வசிப்பவர்கள் மட்டும் பழையபடி கழிவோடு 20 விழுக்காடு கட்டவும் தேர்ந்தெடுக்கலாம். பழைய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்கவிலையாக வைக்கலாம். ஆனால் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. விற்ற ஆண்டின் பணவீக்கக் குறியீடு 363, அதாவது 2001 மதிப்பு 3.63 மடங்காகும். கணக்குப் போட்டால் ஒரு எளிய எல்லை கிடைக்கிறது: விற்ற விலை 2001 மதிப்பைப் போல் எட்டு மடங்குக்குள் இருந்தால் பழைய முறை லாபம், தாண்டினால் புதிய முறை. இங்கே எட்டைத் தாண்டியது. அத்தை உட்பட ஆறு பேரும் 12.5-ஐ எடுத்தார்கள், ஏழாமவருக்குத் தேர்வே இல்லை.

தை

மார்கழியில் பதிவு வேண்டாம் என்று இரு தரப்பும் சொன்னார்கள். தை பிறந்த இரண்டாவது வாரத்தில் சார்பதிவாளர் அலுவலகம். அத்தையை நாற்காலியோடு தூக்கி மாடியேற்றினார்கள். கைரேகை வைக்கும் கருவி அவர் விரலை ஏற்றுக்கொள்ள ஐந்து முறை மறுத்தது. பினாங்குக்காரியின் உயிர்வாழ்வுச் சான்று முப்பது நாளுக்குள் எடுத்ததா என்று எழுத்தர் கேட்க, தேதியை எல்லாரும் குனிந்து பார்த்தோம், இருபத்தெட்டாவது நாள்.

இளைய மருமகள் கோயம்புத்தூருக்குப் போக மறுத்துவிட்டார். வெளிப்பாளையத்தில் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். சாவியைக் கொடுக்கும்போது அவர் புது வீட்டுக்காரத் தாயாரிடம் சொன்னது கிணற்றைப் பற்றி மட்டும். இந்தக் கரையில் நல்ல தண்ணீர் மேலாக மட்டுமே மிதக்கும், கீழே உப்பு. 1994-இல் ஆழத்துக்குப் போட்ட போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போய், மூடிக் கிடக்கிறது. கிணற்றிலும் பெரிய மோட்டார் வைத்து உறிஞ்சினால் உப்பு மேலே ஏறிவிடும்.

"குளிக்க, துவைக்கக் குழாயில கொள்ளிடத் தண்ணி வரும். இத வாளியிலதான் இறைக்கணும்" என்றார்.

பதினான்கு பேருக்கு வாளியில் இறைத்து முடியாது என்று நான் குறுக்கே பேசினேன். அரைக் குதிரைத்திறன் மோட்டார், காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம், அதற்கு மேல் கூடாது என்று ஒப்புக்கொண்டார்கள். மோட்டார் ஸ்விட்சு அடுப்படிக்குள்தான் இருக்க வேண்டும், பையன்கள் கை வைக்கிற இடத்தில் கூடாது என்று அந்தத் தாயார் எலக்ட்ரீஷியனிடம் அப்போதே சொல்லிவிட்டார்.